மாடி பார்லரில் தண்ணீர் வந்த நாள்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருக்கும் சந்தில், பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் பார்லர் நடத்துகிறேன். கீழே ஓர் அக்கா சைவச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். இரண்டு கடைகளுக்கும் மொட்டைமாடியில் ஒரே தண்ணீர்த் தொட்டி, அதிலிருந்து இறங்கும் ஒரே குழாய்.

வந்த நாளிலிருந்தே என் பக்கம் தண்ணீர் மெதுவாகத்தான் வரும். இந்த வருடம் இன்னும் மோசமானது. கீழே சமையல் மும்முரமாக நடக்கும் நேரத்தில், தலை அலசும் ஷவரில் நூல் மாதிரி ஒழுகும். அக்கா பெரிதாக ஏதோ பம்ப் மாட்டி எல்லாவற்றையும் இழுத்துக்கொள்கிறார் என்று எனக்கு நானே முடிவு கட்டியிருந்தேன். சொல்லத்தான் தயக்கம். படிக்கட்டில் பார்த்தால் சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அன்று மாலை கல்யாண வரவேற்பு இருந்த பெண் ஒருத்தி தலைக்குச் சாயம் போட வந்தாள். அலச வேண்டிய நேரம் வந்து ஷவரைத் திறந்தேன். இரண்டு மூன்று சொட்டு விழுந்து நின்றுவிட்டது. தலை நிறையச் சாயத்தோடு அவள் தலை அலசும் பேசினில் கழுத்தைச் சாய்த்துப் படுத்திருந்தாள்.

“அக்கா, ஒண்ணும் ஆகாதுல்ல?” என்று மெல்லக் கேட்டாள்.

ஆகாது என்று சொல்லிவிட்டு கழிவறைக்கு ஓடினேன். அங்கே ஒரு வாளித் தண்ணீர் பிடித்து வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. பிளாஸ்டிக் மக்கால் மொண்டு மொண்டு ஊற்றினேன். அவசரத்தில் பாதித் தண்ணீர் அவள் சட்டைக்குள் போனது. நல்லவேளை, நிறம் கெடவில்லை. முடியைக் காயவைத்ததும் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, ஈரச் சட்டையோடே கிளம்பிப் போனாள்.

இனிமேல் பொறுப்பதில்லை என்று கீழே இறங்கினேன். பாதிப் படியில் அக்கா மேலே ஏறி வந்துகொண்டிருந்தார். முகம் கடுகடுவென்றிருந்தது.

“உங்ககிட்டதான் வர்றேன். மேல ஏதாச்சும் மெஷின் போட்டிருக்கீங்களா? எனக்குச் சட்டி கழுவக்கூடத் தண்ணி வரல.”

“நான் உங்களைத்தான்க்கா நினைச்சிட்டிருந்தேன்.”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவர் சுவரில் சாய்ந்து, “அப்ப ரெண்டு பேருமே எடுக்கல லா,” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சண்டை போட மனசுக்குள் கோத்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கே போயின என்றே தெரியவில்லை.

அன்றைக்கே சேர்ந்து, கடைகளை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரருக்கு போன் செய்தோம். அவர் அனுப்பிய சீன பிளம்பர் தொட்டிக்கு அடியில் குழாயை அறுத்து, ஒரு துண்டை எங்களிடம் காட்டினார். பழைய இரும்புக் குழாய். உள்ளே துரு படிந்து படிந்து, சுண்டு விரல்கூட நுழையாத ஓட்டைதான் மிச்சம். குழாயை மாற்றினால் கீழ்க் கடைக்குப் போதும் என்றார். மாடிக்கு அது போதாதாம். தொட்டி என் தலைக்குச் சற்று மேலேயே இருப்பதால், தண்ணீர் வேகமாக இறங்க உயரமில்லை. எனக்குத் தனிக் குழாயும் சின்ன பம்பும் வேண்டும் என்றார். வீட்டுக்காரர் முணுமுணுத்துவிட்டுச் சரி என்றார்.

வேலை நடந்த நாளில் தண்ணீரே இல்லை. அக்கா கடையைச் சாத்திவிட்டு, வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் காப்பியோடு மேலே வந்தார். இத்தனை வருடத்தில் பார்லருக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. ஏர்கான் காற்றுக்கு நேராக உட்கார்ந்து, அடுப்படி இல்லாத ஒரு நாள் எவ்வளவு நீளமாக இருக்கிறது என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் பிளம்பர் பம்பைப் போட்டுவிட்டுத் திறக்கச் சொன்னார். ஷவரைத் திறந்தேன். முதலில் காற்று, பிறகு கலங்கலாகக் கொஞ்சம், அப்புறம் பளிச்சென்று தண்ணீர் பீறிட்டு அடித்தது.

“என் தலையிலயே முதல்ல ஊத்திப் பாருங்க,” என்று அக்கா கொண்டையை அவிழ்த்தார்.

அவரைப் பேசினில் சாய்த்து, வெதுவெதுப்பாக வைத்து, நிதானமாக அலசினேன். தாளிப்பு வாசனை ஷாம்பு நுரையோடு இறங்கிப் போனது. வாளியைத் தேடவில்லை, அவசரப்படவில்லை. சூடு போதுமா என்று கேட்டேன். குனிந்து பார்த்தால், வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தார். அவரை எழுப்ப மனம் வரவில்லை. இன்னொரு தடவை அலசினேன்.