கருவாட்டுப் பந்தலுக்கு முட்டுக் கொடுத்த கடப்பாரை

என் தம்பி உசாக்காக் எல்லாம் தெரிந்தவன். வடதுருவத்தை ஒட்டிய எங்கள் கானாக் ஊரில் அவனுக்குத் தெரியாத ஒரே விஷயம், தனக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான். கூடப் பிறந்தவள் இப்படிப் பேசலாமா என்று கேட்பீர்கள். நாற்பத்தைந்து வருடமாக அவன் பேச்சைக் கேட்டவள் நான், பேசுவேன்.

இங்கே உறைந்த கடல்தான் சாலை. பாரம் ஓரிடத்தில் இறங்காதபடி சறுக்குவண்டிக்கு முன்னால் பதினோரு நாய்களையும் விசிறி போலப் பரப்பிக் கட்டி ஓட்டுவோம். சந்தேகம் வந்தால் இறங்கி, கடப்பாரையால் ஓங்கி மூன்று குத்து. மூன்றையும் தாங்கினால்தான் வண்டி நகரும். எங்கள் அப்பா விட்டுப்போன கடப்பாரையை இந்த மேதாவி வாசலில் கருவாட்டுப் பந்தலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டான்.

எல்லாம் கைப்பேசி செய்த வேலை. போன வருடம் வானிலை ஆராய வந்தவர்கள் அதில் ஒரு பனிக்கட்டி வரைபடத்தைப் போட்டுக் கொடுத்தார்கள். சிவப்பு என்றால் கெட்டி, மஞ்சள் என்றால் மெல்லிசு. அன்றிலிருந்து ஊர்க் கடைக்கு வருகிறவர்களை எல்லாம் மறித்து நிறுத்திக் காட்டுவான். ஊரே வேறு வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தது.

இந்த வருடம் கடல் உறையத் தொடங்கிய உடனேயே பெரும்பனி கொட்டிவிட்டது. அது கம்பளி போர்த்தியது போல. அடியில் இருக்கும் பனிக்கட்டிக்குக் குளிர் போய்ச் சேராது, கட்டி தடிக்காது. மேலே பார்த்தால் வெள்ளை வெளேர் என்றுதான் இருக்கும். இது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். உசாக்காக் பால்குடி மறந்து வெகுகாலம் ஆகிறது.

நாலு மாத இருட்டு முடிந்து சூரியன் திரும்பி மூன்று வாரம் ஆன சமயம், நாய்களுக்கு வைத்திருந்த வால்ரஸ் இறைச்சி தீர்ந்துபோனது. பந்தலில் தொங்கியது எங்கள் வாய்க்கே காணாது. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலமுனைக்கு அப்பால் போய் மீன் பிடித்தால்தான் நாய்கள் பிழைக்கும். நாய்களைச் சாகக் கொடுத்தவனை இந்த ஊர் வேட்டைக்காரன் என்று மதிக்காது.

கிளம்பும்போது அவன் மனைவி துக்குமெக் பந்தலுக்கடியிலிருந்து கடப்பாரையை உருவினாள். பந்தல் சரிந்தது.

"அறிவிருக்காடி? கையில மேப் இருக்குறப்ப இந்த இரும்பு எதுக்கு?"

அவன் கத்தி முடிப்பதற்குள் அவள் அதை வண்டியில் விரித்த தோலுக்கடியில் செருகினாள். மீனுக்காக நானும் தொற்றிக்கொண்டேன்.

முனையருகே தலைமை நாய், கிழட்டுப் பெட்டை, உட்கார்ந்துவிட்டது. மற்ற பத்தும் உட்கார்ந்தன. உசாக்காக் கைப்பேசியைப் பார்த்துவிட்டுச் சாட்டையை எடுத்தான்.

"நல்ல சிவப்புக்கா இது. நாய்க்கு என்ன தெரியும்?"

"நாய்க்குத் தெரியுதேடா. ஒனக்குத்தான் தெரியல."

அவன் சாட்டையை வீசினான். பெட்டை ஊளையிட்டதே தவிர அசையவில்லை. அதற்குள் துக்குமெக் கடப்பாரையோடு இறங்கி, நாய்களைத் தாண்டிப் பத்தடி நடந்து குத்தினாள். இரண்டாம் குத்துக்கு வேலையே இல்லை. கடப்பாரை அவள் கைப்பிடி வரை இறங்கியது. பனியைக் கறுப்பாக நனைத்துக்கொண்டு தண்ணீர் மேலே வந்தது. அவள் அப்படியே குப்புறப் படுத்து ஊர்ந்து வந்தாள். என் தம்பி கைப்பேசியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வண்டியைத் திருப்பியவள் அவள். கரையை ஒட்டிய கெட்டிக் கட்டி மேல் சுற்றிப் போனோம், மீன் கிடைத்தது, நாய்கள் தின்றன. ஊர் திரும்பியதும் ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்து தானே நாய்களை நிறுத்தியதாகக் கடைவாசலில் அளந்துகொண்டிருந்தான் உசாக்காக். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். இவன் மீசையில் பனிகூட ஒட்டவில்லை.

மறுநாள் காலை துக்குமெக் நாய்களைப் பூட்டும்போது, பந்தல் சரிந்து கிடக்கிறது, கடப்பாரையைக் கொடு என்று கேட்டான்.

"கடப்பாரை இனிமே வண்டியிலதான் இருக்கும். நாயும் எங்கூடத்தான் வரும். பந்தலுக்கு முட்டு வேணும்னா நீங்களே நில்லுங்க."

கிளம்பிப் போய்விட்டாள். பிறகு நான் அந்தப் பக்கம் போனபோது, ஒரு கையால் பந்தலைத் தாங்கிப் பிடித்தபடி மறு கையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னடா தெரியுது என்று கேட்டேன்.

"சிவப்புக்கா," என்றான்.