பதினான்கில் ஒன்றுதான் தெரிந்தது

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. திருநெல்வேலியிலிருந்து வந்து மண்ணூரில் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தேன். ஆறு மாத புரொபேஷன் முடிகிற திங்கட்கிழமை அது. மூன்று மணிக்கு மேனேஜர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

காலையிலேயே சனி பிடித்தது. ஆபீஸில் என்னுடையதைத் தவிர பதினான்கு கம்ப்யூட்டர்கள். நெட்வொர்க் என்று திறந்தால் பதினான்கின் பெயரும் வரிசையாக வரும். அவரவருக்கு வேண்டிய ஃபைலை அடுத்தவர் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். அன்றைக்கு ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டர் மட்டும் தெரிந்தது. மற்ற பதிமூன்றையும் காணோம். ஃபோன் மேல் ஃபோன். மேனேஜர் எட்டிப் பார்த்து, “மூணு மணிக்குள்ள சரி பண்ணிடும்மா” என்றார்.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸில் ஆளில்லாத நேரம் பார்த்துத்தான் புது ரவுட்டர் மாட்டியிருந்தேன். அதை வாய்க்கு வந்தபடி திட்டினேன், அணைத்துப் போட்டேன், கேபிளையெல்லாம் பிடுங்கிச் செருகினேன். ம்ஹூம். ஒன்று மட்டும் தெரிகிறதென்றால் கோளாறு அந்த ஒன்றில்தான் என்று நானே முடிவுகட்டி, நேரே போய் ஸ்டோர்ஸ் அண்ணனிடம் எகிறினேன்.

“அண்ணே, இதுல என்ன பண்ணீய?”

“நான் இன்னாம்மா பண்ணேன்? காலைல ஆன் பண்ணதும், மத்த கம்ப்யூட்டருக்கு உன்னைக் காட்டட்டுமான்னு கேட்டுச்சு. எஸ்னு அமுக்கினேன்.”

“புரியாததைக் கேட்டா நோ அமுக்கணும்னு சனிக்கிழமை கிளாஸ்ல படிச்சுப் படிச்சுச் சொன்னேம்லா?”

“கோச்சுக்காதம்மா. அப்ப நான் நல்லாத் தூங்கிகினு இருந்தேன்.”

திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றேன். ரவுட்டர் மாறினால் இந்தக் கேள்வியை எல்லாக் கம்ப்யூட்டரும் கேட்குமே! என் பேச்சைக் கேட்ட பதிமூன்று நல்லவர்களும் நோ அமுக்கிவிட்டார்கள். யாரோ எதையோ அமுக்கி வைரஸ் வந்ததென்று அந்த வகுப்பை எடுத்ததே நான்தான். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

மேசை மேசையாக ஓடி செட்டிங்கை மாற்றினேன். பெயர்கள் ஒவ்வொன்றாக வர வர எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இரண்டரைக்கெல்லாம் பதினான்கும் ஆஜர்.

மூன்று மணிக்கு மேனேஜர் பேனாவைத் திறந்து, “என்ன காரணம்?” என்றார். ரவுட்டர் மேல் பழியைப் போட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை.

“நான்தான் சார்” என்று நடந்ததை ஒப்பித்தேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். போச்சு என்று நினைத்தேன்.

“பதிமூணு பேருமா நோ அமுக்கினாங்க?”

“ஆமா சார். தூங்கினவரைத் தவிர.”

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “பத்து வருஷமா ஐ.டி. கார்டு மாட்டுங்கன்னு கத்துறேன், ஒருத்தன் கேக்கல. நீ ஒரு தடவை சொன்னதுக்குப் பதிமூணு பேரா!”

கையெழுத்துப் போட்டுத் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

“வர்ற சனிக்கிழமை ஐ.டி. கார்டுக்கு ஒரு கிளாஸ் எடும்மா. அந்தத் தூங்கறவரை முதல் வரிசையில உக்கார வை.”