சித்திரை மாதத்தில் ஹெலி-ஸ்கீயிங்: மனாலி உச்சியில் சொன்ன ஒரு 'வேணாம்'

இந்தப் பயணத்துக்குத் திட்டம் போட்டது என் மனைவி தீபா. குல்மார்க்கில் நான்கு குளிர்காலம் பனிச்சறுக்குப் பழகிய எங்கள் நாலு பேரில் அவள்தான் கெட்டிக்காரி. போன ஆவணியில் காய்ச்சலில் இறந்துவிட்டாள். இந்தச் சித்திரையில் மீதி மூன்று பேரும் போய்வந்தோம். போவதற்கு எனக்குக் காரணம் இல்லை, போகாமல் இருக்கவும் இல்லை. அப்போது எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஹெலி-ஸ்கீயிங் என்பது சுலபமாகப் புரியக்கூடிய விஷயம். ஹெலிகாப்டர் உங்களை உச்சியில் இறக்கிவிட்டுக் கீழே போய்க் காத்திருக்கும். நீங்கள் ஸ்கீயில் சறுக்கி அதனிடம் போய்ச் சேரவேண்டும். நான்கு நாளுக்குத் தலைக்கு மூன்றரை லட்சம், தங்குமிடம் சேர்த்து. சறுக்கத் தெரியாதவர்கள் இந்தப் பணத்தில் வேறு ஏதாவது செய்யுங்கள்.

தர்மல் உள்ளாடை வாங்க தி.நகர் போனோம். கடைக்காரர் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். "இன்னா சார், அடிக்கிற வெயில்ல இத்த போட்டுக்கினு எங்க போறீங்க?" என்றார். ஆதம்பாக்கத்து நண்பன் சரவணன், "பீச்சுக்கு" என்றான். பொய் இல்லை. பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடும் சிக்னல் கருவியைப் பெசன்ட் நகர் மணலில் புதைத்துத்தான் பயிற்சி செய்தோம். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், "இன்னா நைனா, செயின் தொலஞ்சிப்போச்சா?" என்று எழுந்துவந்து எங்களோடு சேர்ந்து தோண்டினார். ஒன்று சொல்லிவிடுகிறேன். மணலில் பழகியதை நம்பாதீர்கள். சரிந்து நின்ற பனி காய்ந்த கான்கிரீட் மாதிரி இருக்கும். மனாலியில் முதல் நாள் பயிற்சியிலேயே என் மண்வெட்டி வளைந்தது.

விமான நிலையத்துக்கு சரவணனை வழியனுப்ப அவன் மனைவி கவிதா வந்திருந்தார். அவன் டிராலி எடுக்கப் போனபோது என்னிடம் சொன்னார்:

"அண்ணா, தப்பா நெனச்சிக்காதீங்க. இவரு எதுக்கெடுத்தாலும் போலாம் போலாம்னுவாரு. தீபா இருந்தா 'ஒக்காருடா'ன்னு ஒரு அதட்டு போடும். இப்ப நீங்கதான். ஆனா உங்களுக்கே..."

முடிக்கவில்லை. எனக்குப் புரிந்தது. உயிர்மேல் ஆசை இல்லாதவனை நம்பி எப்படிப் புருஷனை அனுப்புவது?

டெல்லிவரை விமானம், அங்கிருந்து மனாலிக்கு இரவுப் பேருந்து, சுமார் 530 கிலோமீட்டர். எங்களில் மூன்றாமவன், மயிலாப்பூர் பாலாஜி, வழியெல்லாம் போனைப் பொத்திக்கொண்டு பேசினான். "ஆத்துல கோயில் டூர்னு சொல்லிட்டு வந்திருக்கேன்டா. ஹெலிகாப்டர் சத்தம் கேட்டா என்ன சொல்றது?" "கும்பாபிஷேகம், மேலேந்து பூ போடுறாங்கன்னு சொல்லு" என்றான் சரவணன்.

வழிகாட்டி தேவ் உள்ளூர்க்காரர், அதிகம் பேசமாட்டார். முதல் நாளே ஒரு விதி சொன்னார். ஒவ்வொரு சரிவின் உச்சியிலும் 'இறங்கலாமா?' என்று எல்லோரையும் கேட்பார். ஒருவர் 'வேண்டாம்' என்றாலும் யாரும் இறங்கக்கூடாது. காரணம் கேட்கமாட்டார், மற்றவர்களும் கேட்கக்கூடாது.

நான் லிஃப்ட் பாதுகாப்புச் சோதனை செய்பவன். எனக்கு இது பழகிய ஏற்பாடு. ஒவ்வொரு மாடிக் கதவிலும் ஒரு சுவிட்ச், எல்லாம் ஒரே வரிசையில் இணைந்திருக்கும். ஒரு கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் நகராது. இதில் ஆபத்தான சுவிட்ச், ஒட்டிக்கொண்டு எப்போதும் 'சரி' என்றே சொல்லிக்கொண்டிருப்பது. முதல் மூன்று நாளும் தேவ் கேட்டபோதெல்லாம் நான் யோசிக்காமல் 'சரி' என்றேன். கவிதா சரியாகத்தான் பயந்திருக்கிறார்.

அந்த மூன்று நாளும் அருமை. காலை ஆறே முக்காலுக்கு முதல் பறப்பு, பதினொன்றுக்குள் முடித்துவிடுவோம். இரவில் உறைந்த பனி காலை வெயிலில் மேலாக மட்டும் இளகி, ரவை மாதிரி ஸ்கீக்கு அடியில் ஓடும். இந்த மாதத்தில்தான் அது கிடைக்கும்.

நான்காம் நாள் மேகத்தால் இரண்டு மணி நேரம் தாமதம். கடைசிச் சரிவின் உச்சியில் நின்றபோது பத்தரை தாண்டிவிட்டது. காற்று நின்றிருந்தது. பாறை ஓரத்திலிருந்து சின்னப் பனி உருண்டைகள் தாமாகவே உருண்டு போயின. தேவ் குனிந்து பனியைக் கையில் பிழிந்து பார்த்தார். சொட்டியது. ஈரம் ஏறிய பனிதான் சரியும். "எல்லைக்கோட்டில் இருக்கிறது, என் கணக்கில் சரி" என்றார்.

"போலாம்" என்றான் சரவணன், ஸ்கீயை மாட்டிக்கொண்டே. பாலாஜி தலையாட்டினான். தேவ் என்னைப் பார்த்தார்.

ஒரு அடி எடுத்து வைத்தேன். முழங்கால்வரை இறங்கியது. சரவணன் எனக்குக் கீழே, விளிம்பில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"வேணாம்" என்றேன்.

தேவ் அந்த நொடியே வாக்கிடாக்கியை எடுத்து ஹெலிகாப்டரை மேலே கூப்பிட்டார்.

சரவணன் விதியை மதித்து ஹெலிகாப்டர் கிளம்பும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தான். அதற்குமேல் முடியவில்லை. "மச்சி, கடைசி ரன்னுடா! இன்னாத்துக்கு வேணான்ன?"

"பயமா இருந்துச்சி."

"இன்னாது?"

"பயமா இருந்துச்சிடா." சீட் பெல்ட் கொக்கியை மூன்றாவது முறையாக இழுத்துப் பார்த்தேன்.

அவன் என் கையையே பார்த்தான். பிறகு விசிறிச் சத்தத்தையும் மீறிக் கத்தினான்: "டேய் பாலா! இவனுக்கு பயமா கீதாம்டா!"

வேலை கிடைத்த செய்தி சொல்கிற மாதிரிக் கத்தினான். பாலாஜி, "பேஷ்!" என்று என் தொடையில் ஓங்கி ஒரு அடி கொடுத்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, அது அழுகையாகி, கீழே இறங்கும்வரை நிற்கவில்லை. இருவரும் ஜன்னல்வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

போகிறவர்களுக்கு: சித்திரை முதல் இரண்டு வாரம் போங்கள். அதற்குப் பிறகு பனி கஞ்சியாகிவிடும். மேகத்துக்காக ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேராகப் போனால் காலி இருக்கைக்கும் நீங்கள்தான் கட்டவேண்டும். நாங்கள் கட்டினோம், அதில் யாரையும் உட்காரவிடவில்லை. உச்சியில் ஒவ்வொருவரையும் கேட்காத வழிகாட்டி என்றால் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அந்தச் சரிவில் அன்று பனி சரிந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. மறுநாள் தேவ் தொலைநோக்கியில் காட்டினார். ஒரு கீறல்கூட இல்லாமல் வெள்ளையாக இருந்தது. சரவணன் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். "இன்னா சொல்ற இப்ப?"

"இப்பவும் வேணாம்தான்" என்றேன்.