சூளை என்று ஒரு கேலக்ஸி

தூசியை ஆராய்ச்சி செய்கிறவளுக்கு முதல் தகுதி, சொந்த வீட்டு ஒட்டடையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பதுதான். 2007-இல் சிதம்பரத்தில் பிஎச்.டி. சேர்ந்தேன். தினமும் கடலூரிலிருந்து பஸ். கைடுக்கும் கரன்ட் கட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ஆராய்ச்சி செய்த சக பாவிகளே, உங்களுக்கு இதெல்லாம் சொல்லாமலே புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமியாரின் சந்தேகம்

கல்யாணமான புதிதில், நான் என்னதான் படிக்கிறேன் என்று மாமியார் கேட்டார். ஆசையாகக் கேட்கிறாரே என்று உட்கார்ந்து விளக்கினேன். சில கேலக்ஸிகள், அதாவது விண்மீன் கூட்டங்கள், அளவில் சின்னவை. ஆனால் அந்தச் சின்ன இடத்துக்குள் நட்சத்திரங்கள் ஏராளமாகப் பிறந்துகொண்டிருக்கும். சுற்றிலும் தூசி இருப்பதால் அவற்றின் வெளிச்சம் நமக்கு வராது. வெளிச்சத்தை விழுங்கிய தூசி சூடாகி, அந்தச் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வெளியே விடும். விண்வெளியில் இருக்கும் தொலைநோக்கி அதை அளந்து அனுப்பும். அந்த எண்களை வைத்து உள்ளே எத்தனை நட்சத்திரம் பிறக்கிறது என்று கணக்குப் போடுவது என் வேலை.

செங்கல் சூளையில் நெருப்பு வெளியே தெரியாது, கிட்டே போனால் அனல் அடிக்கும், அதுபோலத்தான் என்றேன். மாமியார் மரியாதையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு தலையை நிமிர்த்தி மின்விசிறியைப் பார்த்தார். "அவ்ளோ தூரத்துல இருக்கற தூசி தெரியுது. ஃபேன் மேல இருக்கறது தெரியலியா, வளரு?"

ஆகாசத் தலம்

எங்கள் துறையில் எந்த விழா நடந்தாலும் சிறப்பு விருந்தினர் ஒரு விஷயத்தைச் சொல்லியே தீருவார். பஞ்சபூதத் தலங்களில் சிதம்பரம் ஆகாசத் தலம், இங்கே ஆகாசத்தை ஆராய்வது எவ்வளவு பொருத்தம் என்பார். ஏதோ தனக்கு மட்டும் அந்த நிமிஷம் தோன்றியது போலச் சொல்லிவிட்டு, கைதட்டலுக்காக நிறுத்துவார். நாங்களும் தட்டுவோம்.

என் பக்கத்து நாற்காலி காயத்ரிக்கு வீடே கோயிலுக்கு எதிரில். பிறந்ததிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவள். அவளுக்கு இது எரிச்சல் தருவதில்லை, நேரம் பார்க்க உதவும். ஒருமுறை கரன்ட் போய், மைக் இல்லாமல் ஒருவர் முக்கால் மணி நேரம் பேசினார். எல்லோருக்கும் வேர்த்து ஊற்றியது. கடைசியில் அந்த வாக்கியம் வந்ததும் காயத்ரி துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு எழுந்திருக்கத் தயாரானாள். "சொல்லிட்டாருடி. இனிமே டீ வந்துரும்."

கைக்குட்டை

என் கைடுக்கு நான்தான் கடைசி மாணவி. 2011 ஜூனில் அவருக்கு ஓய்வு. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் முதல் பக்கத்தில் என் பேரும் அவர் பேரும் இருக்கும். தவறினால் வேறொரு கைடுக்கு மாற வேண்டும், அவர் பேர் போய்விடும். அந்த ஒரு கவலை இருவருக்குமே இருந்தது, வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை.

ஆய்வேட்டின் உயிரே ஒரு கேலக்ஸியில் இருந்தது. அத்தனை சின்ன உடம்பில் அத்தனை அனல் வேறு எதிலும் இல்லை. அதற்கு 'சூளை' என்று பேர் வைத்தவர் கைடுதான். நான் சேர்வதற்கு முன்பிருந்தே அதன் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தவர். பேரப்பிள்ளை போட்டோவைக் காட்டுவதுபோல வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுவார்.

அறிவியல் தினத்தன்று கீரப்பாளையம் பக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடம் வந்தது. நானும் பெருமையாகச் சூளையைத் திரையில் போட்டேன். மங்கலாக ஒரு திட்டு, அவ்வளவுதான் தெரியும். கூட வந்த வாத்தியார் உதவி செய்யும் நல்ல எண்ணத்தில், கைக்குட்டையை எடுத்து மானிட்டரை அழுத்தித் துடைத்தார். திட்டு போகவில்லை. அது கோடிக்கணக்கான ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது சார் என்றேன். அவர் கைக்குட்டையை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "இல்லீங்க மேடம், இந்தப் பக்கம்தான் ஏதோ ஒட்டியிருக்கு."

சூளை அணைந்த கதை

2011 ஆரம்பத்தில், இன்னும் கூர்மையான ஒரு தொலைநோக்கியின் படங்கள் கிடைத்தன. எங்கள் இன்டர்நெட் அவற்றைச் சொட்டுச் சொட்டாக இறக்கிக் கொடுத்தது. சூளையின் படத்தைத் திறந்து, பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அனல் சூளைக்குள் இல்லை. மெல்லிய ஒரு தூசிப் படலம் படத்தின் குறுக்கே கிடந்தது. கேலக்ஸி இருக்கும் இடத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் நீண்டு போனது. அவ்வளவு சின்ன கேலக்ஸியின் தூசி அப்படி வெளியே வழியாது. அது நம் பால்வீதியின் தூசி. நாம் குடியிருக்கும் இந்த நட்சத்திரக் கூட்டத்தின் தூசி, சூளைக்கும் நமக்கும் நடுவில் இருந்து தன் சூட்டையும் சேர்த்துக் காட்டியிருக்கிறது. பழைய படத்தின் மங்கலில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. சூளை என்று நாங்கள் கொண்டாடியது, சாதுவான ஒரு சின்ன கேலக்ஸி. கைக்குட்டை வாத்தியாரை நினைத்துக்கொண்டேன். சிரிப்பு வரவில்லை.

கைடிடம் சொல்லாமல் ஒரு வாரம் ஓட்டினேன். அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. இதை வெளியில் தெரியாமல் விட்டால் ஜூனுக்குள் முடித்துவிடலாம் என்ற எண்ணமும் பஸ்ஸில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது. கடைசியில் படத்தைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். ஆய்வேட்டில் இருக்கும் மற்ற கேலக்ஸிகளைப் பார்த்தாயா என்று கேட்டார். அதையெல்லாம் பார்த்தால் ஜூனுக்குள் முடியாது சார் என்றேன். எனக்குத் தெரிந்ததுபோல அவருக்கும் அது தெரியும். படத்தை என் பக்கம் தள்ளினார். "எல்லாத்தயும் பாரும்மா. ஜூன் அது பாட்டுக்கு வரும், போவும்."

முதல் பக்கம்

ஜூன் வந்தது, போனது. சாரின் வழியனுப்பு விழாவில் விருந்தினர் ஆகாசத் தலம் என்றபோது காயத்ரி எழுந்திருக்கவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன்.

மற்ற கேலக்ஸிகளைச் சோதித்ததில் சூளையைப் போலவே இன்னும் இரண்டு விழுந்தன. மீதி நின்றன. அவற்றில் நிஜமாகவே தூசிக்குள் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருந்தன. மறு வருஷம் வேறொரு கைடின் பேரில் ஆய்வேட்டைக் கொடுத்தேன். ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு திருவந்திபுரத்தில் இருக்கும் பழைய கைடு சாரின் வீட்டுக்குப் போனேன். முந்தின டிசம்பர் புயலில் சாய்ந்த தென்னைகளை இன்னும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் பக்கத்தில் அவர் பேர் இல்லாததற்கு என்ன சொல்வதென்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். நான் ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு நேராகப் படங்களுக்குப் போனார். ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தார். "பேரு கெடக்கட்டும். இதுல எதுலயும் நம்ம தூசி இல்லயே?"

இல்லை சார் என்று அன்றைக்கு அவரிடம் தைரியமாகச் சொல்ல முடிந்த எனக்கு, அதையே எங்கள் வீட்டு மின்விசிறியைக் காட்டி மாமியாரிடம் சொல்லும் தைரியம் இன்னும் வரவில்லை.