யாருடைய சாயல்

சுனாமிக்கு அடுத்த வருடம் எனக்கு மகன் பிறந்தான். முப்பத்தோராம் நாள் தீட்டுக் கழிந்ததும் கணவரின் உறவினர்கள் கல்லடியிலிருந்து புறப்பட்டு, சோதனைச் சாவடியில் கால்கடுக்க நின்று, வாவியைப் படகில் கடந்து, கொக்கட்டிச்சோலையில் இருந்த எங்கள் வீட்டுக்குப் பிள்ளை பார்க்க வந்தார்கள்.

பிள்ளை கைக்குக் கை மாறினான். மூக்கு பெரியப்பாவுடையது என்றார் ஒருவர். நெற்றி சின்னம்மாவின் நெற்றி என்றார் இன்னொருவர். அந்த இருவரையும் கடல் கொண்டுபோயிருந்தது. செத்தவர்களை எல்லாம் என் பிள்ளையின் முகத்தில் தேடுகிறார்களே என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். அவனுக்கென்று ஒரு முகம் இல்லையா?

கடைசியாகக் கணவரின் அக்கா, என் மச்சாள், அவனை வாங்கினார். அவருடைய நாலு வயது மகனும் அன்று போனவன்தான். உடல் கிடைக்கவில்லை.

“அப்படியே நம்மட சின்னவன்தான். அவன்ட பேரையே வைப்பம்,” என்றார் மாமனார்.

செத்த பிள்ளையின் பெயர் என் பிள்ளைக்கு வேண்டாம் என்றிருந்தது எனக்கு.

மச்சாள் பிள்ளையை மடியில் கிடத்தி, காதுகளையும் கால்விரல்களையும் நிதானமாகப் பார்த்தார்.

“இல்ல அப்பா. இவன் அவனப் போல இல்ல.”

நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். அவர் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: “அந்தப் பேர இவனுக்கு வைக்க வேணாம். என்ட மகன் வந்தா அவனுக்கு வேணும்.”



யுத்தம் முடிந்து, வாவிக்குப் பாலமும் வந்துவிட்டது. என் மகனுக்கு மீசை அரும்பிவிட்டது. குடும்பத்தில் எத்தனையோ பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். அவர்களைப் பார்க்கப் போனால் இப்போது நானும் யாருடைய சாயல் என்றுதான் தேடுகிறேன். அந்தப் பெயரை மட்டும் இன்னும் யாரும் வைக்கவில்லை.