ஒரு எழுத்து விடாமல்

எங்கள் வீட்டில் தறி இருந்த அறையின் சுவரில், முருகன் படத்துக்குப் பக்கத்தில், ஒரு வாரப்பத்திரிகையின் பக்கம் நான்கு மாதம் ஒட்டியிருந்தது. ஒட்டியவர் அப்பா. பாவுக்குப் போட வைத்திருந்த கஞ்சியை விரலால் தடவி, சுருக்கம் விழாமல் நீவி நீவி ஒட்டினார். பட்டில் சுருக்கம் விழ விடாதவர் காகிதத்திலா விடுவார். அந்தப் பக்கத்தில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்றில் என் அண்ணன் கல்கத்தாவில் தன் காரின் மேல் சாய்ந்து நிற்கிறான். இன்னொன்றில் அப்பா தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருக்கிறார். மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவார்.

அறுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. ஓரிக்கைப் பக்கம் பாலாற்று மணலில் வெறுங்காலோடு பந்து உதைத்துக்கொண்டிருந்த அண்ணன், மெட்ராஸில் ஒரு கம்பெனி டீமில் சேர்ந்து, அங்கிருந்து கல்கத்தாவின் பெரிய கிளப் ஒன்றுக்குப் போய்விட்டான். அப்பாவுக்கு வலது பக்கம் உட்கார்ந்து, சேலைக் கரைக்கு ஊடை நூல் ஓட்டும் நாடாவைத் தள்ள வேண்டியவன் அவன். அவன் போனதால் அந்த இடத்துக்கு நான் வந்தேன். அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். வீட்டில் அப்பாவும் நானும்தான்.

அண்ணன் வாங்கும் பணத்தைப் பற்றி எங்கள் தெருவில் பேசாத ஆள் இல்லை. பத்திரிகைகளில் அந்தத் தொகை வாரத்துக்கு ஒன்றாக இருந்தது. எல்லாமே பொய் என்று சொல்ல மாட்டேன். கார் அவனுடையதுதான். ஃபிளாட் இருந்தது, ஃபிரிட்ஜ் இருந்தது, சமைக்க ஆள் இருந்தது. பணம் வந்த பிறகும் அவனுக்கு உடம்பு வலிக்கும் என்பதை மட்டும் யாரும் நம்பவில்லை. பத்திரிகைக்காரர்களுக்குப் பணக்கார ஆட்டக்காரனைப் பற்றி இரண்டு கதைதான் தெரியும். ஏழைப் பிள்ளை ஜெயித்தான் என்று முதலில் எழுதுவார்கள். அது சலித்ததும், ஜெயித்தவன் கெட்டான் என்று எழுதுவார்கள். இரண்டுக்கும் ஒரே போட்டோவைப் போடுவார்கள்.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு நான் அப்பாவுக்குப் பேப்பர் படித்துக் காட்டுவது வழக்கம். டீக்கடையில் காலையில் எல்லோரும் படித்துக் கசக்கிய பேப்பர் மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வரும். அப்பா தறியை விட்டு எழுந்திருக்காமல், துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னாமா போட்டிருக்கான் அவனைப் பத்தி?" என்பார். மற்றச் செய்தி எதையும் கேட்க மாட்டார். முதல் இரண்டு வருஷம் நான் உள்ளதை உள்ளபடி படித்தேன். கோல் போட்டான், மாலை போட்டார்கள், மந்திரி கை கொடுத்தார். பிறகு குடி, சண்டை, ஊர் சுற்றல் என்று வர ஆரம்பித்ததும், பாதியை விழுங்கிவிட்டு மீதியைப் படித்தேன். விழுங்க விழுங்கப் படிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. அதன் பிறகு நானே சொல்ல ஆரம்பித்தேன். முதலில் கஷ்டமாக இருந்தது, போகப் போக நன்றாகவே வந்தது.

அண்ணனின் கடிதங்களும் அப்படித்தான். ஒரே உறைக்குள் இரண்டு தாள் வரும். ஒன்று அப்பாவுக்குப் படித்துக் காட்ட. இன்னொன்று எனக்கு, அதன் மேல் "உனக்கு மட்டும்" என்று எழுதியிருப்பான். எனக்கு வந்த தாள்களில் இருந்ததை இப்போதும் சொல்ல முடியும். வலது முழங்காலில் தண்ணீர் கோத்துக்கொள்கிறது. ஆட்டத்துக்கு முன்னால் ஊசி போட்டு வலியை மறைத்து இறக்கிவிடுகிறார்கள். ராத்திரி தூக்கம் வருவதில்லை, விடியும்வரை ஜன்னலில் நிற்கிறேன். அண்ணி கோபித்துக்கொண்டு பெங்களூரில் தாய் வீட்டுக்குப் போனவள் இன்னும் வரவில்லை. இவ்வளவு பணம் வைத்துக்கொண்டு இதையெல்லாம் யாரிடம் சொல்வது என்று ஒரு தாளில் கேட்டிருந்தான்.

ஆனி மாதத்தில் மெட்ராஸிலிருந்து ஒரு நிருபர் வந்தார். வாரப்பத்திரிகைக்கு எழுதுகிறவர். மரியாதையான மனிதர், செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். அப்பாவைத் தறியில் உட்கார வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். அப்பா சட்டை போட்டுக்கொள்கிறேன் என்றதற்கு வேண்டாம், இப்படியே இருங்கள் என்றார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அப்பா வந்தவருக்குக் குடிக்கக் கலர் சோடா வாங்கக் கடைக்குப் போன நேரத்தில், அவர் என்னிடம் அண்ணனைப் பற்றித் தணிந்த குரலில் விசாரித்தார். அவனைப் பற்றி எல்லோரும் தப்பாக எழுதுகிறார்கள், நான் சரியாக எழுத நினைக்கிறேன் என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். முழங்காலை, ஊசியை, தூக்கத்தை, அண்ணியை. ஒரு தடவையாவது அவன் கஷ்டம் அச்சில் வரட்டும் என்று நினைத்தேன். என்னை யாரும் அதுவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்டதில்லை என்பதும் ஒரு காரணம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு வாரம் கழித்துப் பத்திரிகை வந்தது. தலைப்பு: "தறிகெட்டு ஓடும் தறிக்காரர் மகன்." அடங்காமல் திரிகிறவனைச் சொல்கிற சாதாரண வார்த்தைதான். நெசவு வீட்டுப் பிள்ளைக்குப் பொருத்தமாக இருக்கும் என்று ஆபீஸில் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார். கீழே நான் சொன்னது எல்லாம் இருந்தது. நான் சொல்லாதது ஒன்றும் இல்லை. இரவெல்லாம் தூங்குவதில்லையாம் இந்த லட்சாதிபதி. ஊசி போட்டுக்கொள்ளாமல் மைதானத்தில் கால் வைப்பதில்லையாம், எந்த ஊசி என்று கேட்காதீர்கள். மனைவி வீட்டை விட்டு வெளியேறிவிட்டாராம். பெற்ற தகப்பனோ இன்னும் குழிக்குள். எழுதியிருப்பது அத்தனையும் என் வாய் வார்த்தை. இதற்கு யாரைப் போய்க் கேட்பது.

அப்பா தன் படத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். படி என்றார். நான் "தறி" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். அப்பா நிமிர்ந்து பார்த்தார். "தறிக்காரர் மகன்" என்று முடித்தேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து, மீதிக்கு வாயில் வந்ததைச் சொல்லிக்கொண்டே போனேன். என்ன சொன்னேன் என்று அன்று சாயங்காலமே எனக்கு மறந்துவிட்டது. மறுநாள் நான் தண்ணீருக்குப் போய்விட்டு வருவதற்குள் பக்கம் சுவரில் ஏறியிருந்தது.

படிக்கத் தெரிந்த சிலர் அந்த அறைக்கு வந்து போனார்கள். படித்தார்கள், என்னைப் பார்த்தார்கள், வாயை மூடிக்கொண்டு போனார்கள். அப்பா அவர்களிடம், தறிக்காரர் மகன் என்று தன் பேரைச் சொல்லித்தான் அவனுக்கே பேர் என்றார். "தறிகெட்டு" என்ற அந்த ஒரு வார்த்தையைக் கிழித்துவிட எனக்கு ஒரு நிமிஷம் போதும். நாளைக்குச் செய்யலாம் என்று இருந்தேன். தறியில் ரொம்ப நேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும், கிள்ளினாலும் தெரியாது. எனக்கு மனசு அப்படி ஆகியிருந்தது. அந்தச் சுவரின் கீழேதான் நான்கு மாதமும் நாடா தள்ளினேன், ஒரு வேளைகூடச் சோறு குறையவில்லை.

ஐப்பசியில், நல்ல மழை நாளில், அண்ணன் வந்தான். முன்னால் சொல்லி எழுதவில்லை. மத்தியானப் பஸ்ஸில் வந்து இறங்கி, காலை இழுத்துக்கொண்டு தெருவில் நடந்து வந்தான். கார் இல்லையா என்று பக்கத்து வீட்டில் கேட்டது என் காதில் விழுந்தது. மெலிந்திருந்தான். இந்த வருஷம் இனிமேல் ஆட்டம் இல்லை, கொஞ்ச நாள் இங்கேயே இருக்கலாம் என்று வந்தேன் என்று வாசலில் என்னிடம் சொன்னான். அப்பாவிடம் முழங்காலைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதாகவும் சொன்னான். அவன் பை சிறியதாக இல்லை. தங்குவதற்குத்தான் வந்திருந்தான்.

அப்பா குழியிலிருந்து எழுந்திருக்கவில்லை, எழுந்திருக்கத் தோன்றாத அளவுக்குச் சந்தோஷம். வாப்பா வாப்பா என்று நான்கு தடவை சொன்னார். பிறகு சுவரைக் காட்டினார்.

"பாத்தியா, உன்னையும் என்னையும் ஒரே பக்கத்துல போட்டிருக்கான். வர்றவங்க போறவங்க எல்லாம் படிச்சிட்டுத்தான் போறாங்க."

அண்ணன் போய் நின்று படித்தான். தமிழ்ப் பத்திரிகை கல்கத்தாவில் அவன் கண்ணில் பட்டிருக்காது. மெதுவாகப் படித்தான், கடைசி வரி வரைக்கும். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"யார் ஒட்டினது?" என்றான்.

"நான்தான்பா. உன் தங்கச்சி படிச்சிக் காட்டினா, ஒரு எழுத்து விடாம. மனசு நிறைஞ்சி போச்சு, ஒட்டிட்டேன்."

அப்பா உண்மையைத்தான் சொன்னார். அண்ணனுக்கு அது குத்தலாகத்தான் கேட்டிருக்கும். எனக்கே, அந்தத் தலைப்பின் கீழே நின்று கேட்டபோது, அப்படித்தான் கேட்டது. நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அப்பா, நான் வேறு மாதிரி படித்தேன் என்று. அதைச் சொன்னால் நிருபரிடம் பேசியதையும் சொல்ல வேண்டும். வாய் வரவில்லை.

சாப்பாடு போட்டேன். சாப்பிட்டான். கை கழுவும்போது, அப்பாவுக்குக் கேட்காமல், என்னிடம் சொன்னான்:

"தூக்கம் வரலைன்னு உனக்கு மட்டும்தான் எழுதினேன்."

சொம்பை வாங்கி வைத்தேன். மெட்ராஸில் ஒரு வேலை இருக்கிறது, நான்கு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டான். நான் கூட வரட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றான். மழையில் அவன் தெரு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

உள்ளே வந்தபோது அப்பா நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

"அதைக் காட்டினப்போ அவன் மூஞ்சி ஏம்மா அப்படிப் போச்சு? இன்னொரு வாட்டி படி."

நான் சுவருக்கு முன்னால் நின்று படித்தேன். முதல் தடவை சொன்னதுபோலவே சொல்ல வேண்டும் என்று முயன்றேன். கோல், மாலை, கல்கத்தாக் கூட்டம் என்று கோத்துக்கொண்டே போய் முடித்தேன். அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த வரி எங்கமா?" என்றார்.

எந்த வரி என்று கேட்டேன்.

"அப்பா தறி மிதிக்கிறதைப் பாத்துப் பாத்துத்தான் எனக்குக் கால் வந்துச்சுன்னு அவன் சொன்னானே, அது."

எனக்கு நினைவே இல்லை. நான்தான் சொல்லியிருக்கிறேன். அவர் அந்த வரியை மட்டும் யாரிடமும் சொல்லாமல் நான்கு மாதம் தனக்கென்று வைத்திருந்திருக்கிறார். சொல்லியிருந்தால் எனக்கும் மறந்திருக்காது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தலைப்பில் முதல் வார்த்தை என்ன, அதை மட்டும் படி என்றார் அப்பா. "தறிகெட்டு" என்று படித்தேன். அப்பா தறியைப் பார்த்தார். பிறகு பஸ் போயிருக்குமா என்று கேட்டார். போயிருக்கும் என்றேன்.

ஆனாலும் குழியிலிருந்து ஏறி, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, பஸ் நிலையம்வரை நடந்தார். திரும்பி வந்தவர் என்னைத் திட்டவில்லை. எது அந்த வார்த்தை, விரலை வைத்துக் காட்டு என்றார். காட்டினேன். ஈரத்துணியால் ஊற வைத்து, நூல் அறுக்கும் கத்தியால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் சுரண்டி எடுத்தார். பக்கத்திலிருந்த எழுத்துக்கு ஒரு கீறல் விழவில்லை. "ஓடும் தறிக்காரர் மகன்" என்று சுவரில் மிஞ்சியது.

மறுநாள் காலையில் ஒரு இன்லண்ட் லெட்டர் வாங்கி வந்து என் முன்னால் வைத்தார். நான் சொல்வதை எழுது என்றார். "பேப்பர்ல இன்னா எழுதியிருக்குதுன்னு எனக்குத் தெரியாதுபா. அவ எனக்கு வேற மாதிரி படிச்சிட்டா. நீ வந்துடு." மூன்று வாக்கியம்தான். எழுதினேன். படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். அப்பா அதை வாங்கி மடித்துக்கொண்டு போனார். டீக்கடையில் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அதன் பிறகுதான் ஒட்டித் தபாலில் போட்டார் என்று பிறகு தெரிந்தது.

வீட்டுக்கு வந்து தறியில் உட்கார்ந்து, "சரியாத்தான் எழுதியிருக்கே" என்றார். நான் என் பக்கத்து நாடாவை எடுத்துக்கொண்டேன். அண்ணனிடமிருந்து பதில் வரவில்லை. அதற்குப் பிறகு அப்பா என்னை எதையும் படிக்கச் சொன்னதில்லை.