மெஹருவுக்கு நான் கொடுத்த மாத்திரை

மக்காவில் ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு நடுவே ஏழு முறை நடக்கிற தொங்கோட்டத்தில், ஐந்தாவது நடையில் என் தோழி மெஹருன்னிசா கீழே விழுந்தாள். உதடு நீலமாகிவிட்டது. செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். அவளைக் கொன்றது நான்தான் என்பதும் அந்த நொடியே எனக்குத் தெரிந்தது.

எங்கள் பள்ளிவாசலில் வியாழக்கிழமை பெண்கள் கூட்டத்தில் இதைச் சொல்லச் சொல்லி ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். நின்று பேசினால் பாதியில் அழுதுவிடுவேன். அழுதால் உங்களுக்கு என்மேல் இரக்கம் வந்துவிடும். அந்த இரக்கம் எனக்கு வேண்டாம் சகோதரிகளே. அதனால் எழுதித் தருகிறேன்.

என் பெயர் ஷம்ஷாத். பம்மலில் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறேன். ஆறு மெஷின், ஆறு பெண்கள். மெஹருவின் வீடு பொழிச்சலூரில். எங்கள் பிள்ளைகள் ஒரே வேனில் எல்.கே.ஜி. போன நாளிலிருந்து சினேகிதம், பதினேழு வருடம். நான் பேசுவேன், அவள் சிரிப்பாள். நான் முடிவெடுப்பேன், அவள் "சரிடி" என்பாள். இதற்குப் பெயர்தான் நட்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் காலாண்டு விடுமுறையில் இருவரும் மக்காவுக்கு உம்ரா யாத்திரை போவதென்று முடிவானது. முடிவானது என்ன, நான் முடிவு செய்தேன். தாம்பரத்திலிருந்து கிளம்பும் பெண்கள் குழு. பதினான்கு பேர். வழிகாட்ட ஒரு ஹஜ்ரத்தும், மார்க்கக் கல்வியில் ஆலிமா படித்த அவர் மனைவியும். மக்காவில் எட்டு நாள், மதீனாவில் ஐந்து நாள்.

நான் அந்த எட்டு நாளையும் ஒரு தாளில் கட்டம் போட்டுப் பிரித்தேன். ஐந்து உம்ரா. முதலாவது எனக்கு. இரண்டாவது மறைந்த என் அத்தாவுக்கு. மூன்றாவது அம்மாவுக்கு. நான்காவது மாமியாருக்கு. அந்த அம்மாவுக்கு உயிரோடு இருந்தபோது ஒரு டம்ளர் தண்ணீர்கூட நான் முகம் கொடுத்துக் கொடுத்ததில்லை. ஐந்தாவது அண்ணனுக்கு. ஒவ்வொன்றுக்கும் ஊர் எல்லைக்கு வெளியே இருக்கிற ஆயிஷா பள்ளிவாசல்வரை டாக்ஸியில் போய், இன்னாருக்காக என்று நிய்யத் வைத்துக்கொண்டு திரும்ப வேண்டும். தனியாகப் போக எனக்குப் பயம். துணைக்கு மெஹரு வேண்டும்.

மெஹருவுக்கு மாதவிலக்கு தேதி மக்காவின் மூன்றாம் நாள் விழுந்தது.

கிளம்பும் முன் நடந்த வகுப்பில் ஆலிமாம்மா தெளிவாகச் சொன்னார். "யாருக்காவது தேதி வந்தா பதற வேணாம். ரூம்ல உக்காந்து திக்ரு ஓதுங்க, துஆ கேளுங்க. அதுவும் அல்லாஹ் எழுதினதுதான்." மெஹரு தலையாட்டினாள். எனக்குத்தான் உள்ளே எரிந்தது. போன கையோடு முதல் உம்ராவை எப்படியும் முடித்துவிடுவாள். அவள் கடமைக்கு ஒரு குறையும் இல்லை. குறை வருவது என் கட்டங்களுக்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் தள்ளிப்போடும் மாத்திரையை எடுத்து அவளிடம் நீட்டினேன். கல்யாணம், கோயில், ஹஜ் என்று எதற்கும் நம் பெண்கள் கேட்டு வாங்குகிற மாத்திரைதான். உங்களில் பலருக்கும் தெரியும்.

"இன்னாடி இது, எனக்கு ஒத்துக்காதுன்னு உனக்குத் தெரியாதா?" என்றாள். "சின்னவன் பொறந்தப்போ கால்ல ரத்தம் கட்டிகினு எவ்ளோ பேஜாராச்சு? இந்த மாதிரி மாத்திரய கையாலகூட தொடாதன்னு டாக்டர் சொல்லிக்கீறாரு."

"அது பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடிடி. கொஞ்ச நாள் மாத்திரைல ஒண்ணும் ஆகாது. அல்லாஹ்வோட வீட்டுக்குப் போறோம், அவன் பாத்துக்க மாட்டானா?"

அல்லாஹ்வின் பெயரை நான் எதற்குப் பயன்படுத்தினேன் பாருங்கள்.

அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு "சரிடி" என்றாள். அவள் கணவர் அப்பாஸிடம் சொல்லக்கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து வேளா வேளைக்கு என் போனில் அலாரம் அடிக்கும். நான் அவளுக்குப் போன் செய்வேன். போட்டுக்கொண்டேன் என்று அவள் சொன்னால்தான் வைப்பேன். விமானத்தில் என் கையாலேயே கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்தோம். கஅபாவைப் பார்த்ததும் மெஹரு சின்னப் பிள்ளை மாதிரி விசும்பி அழுதாள். நான் அழுதேனா என்று நினைவில்லை. கட்டத்தில் முதல் டிக் அடித்தது நினைவிருக்கிறது. செவ்வாய்க்கிழமை அத்தாவுக்கு முடிந்தது. புதன்கிழமை காலையில் மெஹரு இடது காலைக் காட்டினாள். கெண்டைச் சதை வீங்கி, தொட்டால் சுட்டது.

"நடந்த வலிடி. எனக்கும்தான் வலிக்குது."

"இது அந்த வலி இல்ல ஷம்ஷு. அப்போ வந்த வலி மாதிரியே கீது."

"மனசுல ஷைத்தான் போடற வஸ்வாஸ் அது. நல்ல காரியத்துக்கு வந்தா அவன் சும்மா இருப்பானா?"

வியாழக்கிழமை விடியற்காலை ஃபஜ்ரு தொழுகைக்குப் பிறகு அம்மாவுக்கான உம்ராவுக்கு அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். இழுத்து என்று சும்மா எழுதவில்லை. கஅபாவைச் சுற்றும் தவாஃபில் அவள் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தாள். தொங்கோட்டத்தில் நான்காவது நடை முடிந்ததும் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். "மூச்சு வரல ஷம்ஷு. கொஞ்சம் வுடு" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எந்திரி. இன்னும் மூணுதான்."

எழுந்தாள். இருபது அடி நடந்திருப்பாள்.

பணியாளர்கள் ஓடி வந்து ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். மருத்துவமனையில் எங்களுக்கு ஒரு கேரளத்து நர்ஸ் கிடைத்தார். தமிழ் ஓரளவு பேசுவார். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நடந்து மயங்கி வருகிறவர்கள் அங்கே நிறைய. இதுவும் அப்படித்தான் என்று ட்ரிப் போட்டார்கள். போடும்போது நர்ஸ் என்னிடம் கேட்டார். "அக்கா, இவங்க ஏதாவது மாத்திரை எடுக்கிறாங்களா?"

"இல்ல."

அரை மணி கழித்து மறுபடி கேட்டார். இல்லை என்றேன். டாக்டர் மாறினார். புது டாக்டர் கேட்கச் சொன்னதாக மூன்றாம் முறையும் வந்து கேட்டார். மெஹரு ஆக்சிஜன் முகமூடிக்குள் இருந்தாள். கண் என்மேல் இருந்தது. இல்லவே இல்லை என்றேன்.

ஏன் பொய் சொன்னேன்? அப்பாஸுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். குழுவில் மற்றவர்கள் எல்லாரும் என்னைப் பேசுவார்களே என்ற பயம். இதையெல்லாம் சொன்னால் நீங்கள் ஏற்றுக்கொள்வீர்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, சனிக்கிழமை மாமியாருக்கு வைத்திருந்த உம்ரா என்னாகுமோ என்றும் என் மனம் கணக்குப் போட்டது. என் தோழி பக்கத்தில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். என் மனம் இப்படித்தான் இருந்தது.

மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அவள் நிலை மோசமானது. சுற்றித் திரையை இழுத்தார்கள். நர்ஸ் வெளியே வந்து, "ஊர்ல வீட்டுக்காரருக்குச் சொல்லிடுங்க அக்கா" என்றார். குரலே சரியில்லை.

மாடிப்படியோரம் பெண்கள் தொழும் சின்ன அறை. அங்கே போய் விழுந்தேன். கைப்பையில் துஆ புத்தகம் இருந்தது. எந்தெந்த இடத்தில் எதை ஓத வேண்டும் என்று காகிதம் ஒட்டி வைத்திருந்தேன். அதைத் திறக்கவில்லை. அரபி ஒரு எழுத்தும் வாயில் வரவில்லை. பம்மல் தெருவில் பேசுகிற பேச்சில்தான் கேட்டேன்.

"யா ரப்பே, அவள வுட்ருப்பா. ரெண்டு புள்ளைங்க கீதுப்பா அவளுக்கு. உம்ரா எதுவும் எனக்கு வேணாம். என் பிளான் எல்லாத்தயும் நீயே எடுத்துக்க. அவ இனிமே என் மூஞ்சில முழிக்கவே வேணாம், உயிரோட அவ வூடு போய்ச் சேந்தா போதும்."

நெற்றியைத் தரையில் வைத்தபடியே கிடந்தேன். ஒளி வரவில்லை. அமைதி வரவில்லை. உங்களுக்கு யாராவது அப்படி வந்ததாகச் சொன்னால் அது அவர்கள் பாக்கியம். எனக்கு வந்தது வாந்திதான். ஓடிப்போய் எடுத்துவிட்டு முகம் கழுவினேன். அப்போதுதான் புரிந்தது. நான் கேட்டதைக் கொடுக்க அவனுக்கு என் வாய் வேண்டியிருந்தது. அதை நான் மூடி வைத்திருந்தேன்.

நேராக நர்ஸிடம் போய் மாத்திரை அட்டையை மேஜைமேல் வைத்தேன். பதிமூன்று நாளாகக் கொடுக்கிறேன் என்றேன். கால் வீங்கியிருந்ததைச் சொன்னேன். பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் கட்டியதைச் சொன்னேன். டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருந்தது எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன்.

அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மூணு தடவை கேட்டேனே அக்கா" என்றார். பிறகு ஓடினார்.

ஸ்கேன் எடுத்தார்கள். காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்திருந்தது. உடனே அதற்குரிய மருந்தை ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னதை அந்த நர்ஸ் எனக்குச் சொன்னார். வேண்டுமென்றேதான் சொன்னார் என்று நினைக்கிறேன். சொன்னது சரி.

அப்பாஸுக்கு நானே போன் செய்தேன்.

"பாய், மெஹரு ஆஸ்பத்திரில இருக்கா. நான்தான் அந்த மாத்திரை குடுத்தேன்."

பொழிச்சலூர் வீட்டுக்கு மேலே விமானம் இறங்குகிற இரைச்சல் மட்டும் கேட்டது. "அவளுக்கு ஆவாதுன்னு உனக்குத் தெரியுமேம்மா" என்றார்.

"தெரியும் பாய்."

"சரி. நான் வரேன்." அவ்வளவுதான். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

குழு மதீனாவுக்குக் கிளம்பியது. ஆலிமாம்மா என்னையும் கூப்பிட்டார். நான் போகவில்லை. மதீனாவை இன்றுவரை நான் பார்த்ததில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அப்பாஸ் வந்தபின் அவர் உள்ளே, நான் வெளியே. கஅபா இருக்கும் ஹரம் பக்கத்தில்தான் இருந்தது. நேரமும் நிறைய இருந்தது. கால் போகவில்லை.

ஏழாம் நாள் மெஹருவை வார்டுக்கு மாற்றினார்கள். என்னைக் கூப்பிட்டதாக அப்பாஸ் வந்து சொன்னார். ஓடினேன். பாதியாக இளைத்திருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள். எங்கள் பதினேழு வருடத்தில் எனக்கு முந்தி அவள் பேசியது அன்றுதான்.

"நர்ஸு மூணு வாட்டி கேட்டாங்க. மூணு வாட்டியும் இல்லன்னுட்ட. எனக்கு வாய்தான் வரல ஷம்ஷு. காது கேட்டுகினுதான் இருந்துச்சு."

"மெஹரு..."

"இரு, நான் பேசிக்கிறேன். அல்லாவோட வூட்டாண்ட இருந்துகினு மனசுல வெச்சிக்கக் கூடாது. மன்னிச்சிட்டேன். மறுமைல உன்ன புடிச்சி கேக்க மாட்டேன்."

அவள் கையைப் பிடித்தேன். மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"ஆனா ஊருக்குப் போனா என் வூட்டுக்கு வராத. உன்ன பாத்தா எனக்கு மூச்சு அடைக்குது."

சகோதரிகளே, இது நடந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், மெஹரு நன்றாக இருக்கிறாள். தினமும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறாள், சமைக்கிறாள், நடக்கிறாள். சென்ற மாதம் அவள் மகளுக்கு நிக்காஹ். அப்பாஸ் எங்கள் வீட்டு வாசலில் நின்று என் கணவரை அழைத்தார். "நீங்க வாங்க பாய். புள்ளைங்கள கூட்டினு வாங்க." திரைக்குப் பின்னால் நான் நின்றது அவருக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் முதல் பள்ளிச் சீருடையிலிருந்து எல்லாம் நான் தைத்தது. கல்யாணத்தன்று கணவரையும் பிள்ளைகள் இருவரையும் அனுப்பிவிட்டு வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்த என் மகள் போனில் படம் காட்டினாள். மெஹரு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். எழுந்துபோய் நன்றிக்காக இரண்டு ரக்அத் தொழுதேன். அழுகையை அடக்க முடியவில்லை.

இப்போது நான் கட்டம் போடுவதில்லை. தையற்கூடத்தில் ஒரு பெண் கால் வலிக்கிறது என்றால், வேலையை வைத்துவிட்டுப் போ என்கிறேன். புதிதாக உம்ராவுக்குப் போகிறவர்கள் மாத்திரை பற்றிக் கேட்டால், முதலில் டாக்டரிடம் போங்கள், அவர் வேண்டாம் என்றால் அறையில் உட்காருங்கள் என்கிறேன். அறையில் உட்கார்ந்து கேட்டாலும் அவன் கேட்பான். மாடிப்படியோரம் என்னைப் போன்ற ஒரு பொய்க்காரி கேட்டதையே கேட்டான். ஒரு சொல் குறைக்காமல் கொடுத்தான். உயிரோடு வீடு சேர்ந்தால் போதும் என்றேன், சேர்ந்தாள். என் முகத்தில் விழிக்க வேண்டாம் என்றேன், விழிக்கவில்லை. அவனை நம்பிக் கேளுங்கள். உங்கள் திட்டத்தை அவனிடம் விட்டுவிட்டுக் கேளுங்கள்.

சொன்னதை மாற்றி மறுபடி கேளேன், அவன் கருணையாளன் என்கிறார் ஆலிமாம்மா. எனக்கும் தெரியும். ஆனால் என் முகத்தில் விழிக்க வேண்டாம் என்ற பாதியைத் திருப்பிக் கேட்டால், அவள் உயிரைக் கேட்ட பாதிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நடுங்குகிறது. அப்படிப் பயப்படுவது ஈமானுக்கு அழகில்லைதான். என்ன செய்ய, கை ஏந்தினால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அதனால் உங்களைக் கேட்கிறேன். நீங்கள் யாரும் அவளுக்குத் தீங்கு செய்தவர்கள் இல்லை. உங்கள் துஆவில் மெஹருன்னிசா என்று பெயர் சொல்லி, முதலில் அவள் உயிருக்கும் மூச்சுக்கும் கேளுங்கள். அதன்பிறகு இடம் இருந்தால், அவள் ஒருநாள் என் வீட்டுக்கு வந்து என்னைத் திட்டவாவது வேண்டும் என்று கேளுங்கள்.